மூளை அலைகளின் சாட்சியம்

வெள்ளாற்றின் கரையிலுள்ள லப்பைக்குடிக்காட்டிலும், வ.களத்தூரிலும், அரியலூர் வட்டாரத்து ஊர்களிலும் வலிப்புக் கண்ட பிள்ளையுள்ள வீடுகளில் ஒரு காகிதக் கட்டைப் பத்திரமாக வைத்திருப்பதைக் காணலாம். திருச்சியிலோ தஞ்சையிலோ எடுத்து வந்த ஈ.ஈ.ஜி. எனும் மூளை மின்னலைப் பதிவு அது. வளைந்து நெளிந்து ஓடும் பத்துப் பதினைந்து கோடுகள்; கடைசித் தாளில் இரண்டு மூன்று வரிகளில் ஒரு முடிவு. கோடுகளை எவரும் படிப்பதில்லை. இறுதி வரியை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். "கோளாறு இல்லை" என்றிருந்தால் நோயே இல்லை என்கிறார்கள். "கோளாறு உண்டு" என்றிருந்தால் அப்பிள்ளையின் படிப்பையும் திருமணத்தையும் அன்றே கைகழுவி விடுகிறார்கள்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவருக்கு இது நேர்ந்தது. பதினான்கு வயதில் இருமுறை வலிப்பு வந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், பதிவும் எடுக்கப்பட்டது. அதில் குறையொன்றும் தென்படவில்லை. "மூளை நன்றாயிருக்கிறது என்று மெஷினே சொல்லிவிட்டது" என்று பெற்றோர் மாத்திரையை நிறுத்தினர். நான்காம் மாதம் கிணற்றடியில் ஒளுச் செய்துகொண்டிருந்தபோது அவர் விழுந்தார். அல்லாஹ்வின் அருளால் உடனிருந்தோர் தாங்கிக் கொண்டனர். பதிவு பொய் சொல்லவில்லை. அது சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டது நம் பிழை. அந்தப் பிழை எங்கே தொடங்குகிறது என்பதை இக்கருவியின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

வலிப்பு நோயை அரபியில் 'ஸரஉ' என்பர். இந்நோயுற்ற பெண்மணி ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்ய வேண்டியதையும், பொறுமை கொண்டால் சுவனம் உண்டு என்ற நற்செய்தி அவருக்குக் கிடைத்ததையும், விழும்போது தம் ஆடை விலகாதிருக்க மட்டும் அவர் துஆக் கேட்டதையும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. நோயாளியின் கண்ணியம் எத்துணை மதிக்கப்பட்டது என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்று. பிற்காலத்தில் 1037இல் மறைந்த இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' நூலில் தலையையும் மூளையையும் பற்றிய நோய்களின் வரிசையிலேயே ஸரஉவை வைத்து விளக்கினார். ஆயினும் மூளைக்குள் நடப்பதைக் காணும் வழி அவருக்கும் இல்லை. அவருக்குப் பின் எட்டு நூற்றாண்டுகள் வரை வேறு எவருக்கும் இல்லை.

1875இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளைப் பரப்பில் மெல்லிய மின்னோட்டம் இருப்பதைக் கண்டறிந்தார். மனிதரிடம் அதைப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல், மண்டையோட்டில் எலும்பு அகற்றப்பட்டிருந்த ஓர் இளைஞரிடம் முதற்பதிவு கிடைத்தது. ஒருவர் எண்ணம் மற்றொருவரைத் தொலைவிலிருந்தே சென்றடைகிறதா என்ற வினாவே அவரை இவ்வாராய்ச்சிக்கு ஈர்த்தது. அவ்வினாவுக்கு அலைகள் விடை தரவில்லை.

பெர்கரிடம் நாம் கற்க வேண்டியது அவர் காத்திருந்த ஐந்து ஆண்டுகளையே. தாம் கண்ட அலை மூளையினுடையதுதானா, இதயத் துடிப்போ தசையின் அசைவோ கருவியின் கோளாறோ காட்டும் போலித் தோற்றமா என்று ஐயுற்று, தம் மகனையும் பிறரையும் திரும்பத் திரும்பச் சோதித்தார். 1929இல்தான் வெளியிட்டார். அப்போதும் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூஸும் தாமே செய்து பார்த்து உறுதிப்படுத்திய பின்னரே உலகம் ஏற்றது. இது நம் முஹத்திதுகளின் வழியை ஒத்தது. ஒரு செய்தி கிடைத்தால், அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவின் திண்மையையும் ஆராய்ந்து, வெளிப்பார்வைக்குத் தெரியாத 'இல்லத்' எனும் உட்குறை உண்டா என்று தேடி, வேறு வழியாகவும் அச்செய்தி வந்துள்ளதா என்று பார்த்த பின்னரே அவர்கள் தீர்ப்பளித்தனர்.

இக்கருவியிடம் பொய் இல்லை. ஆனால் உட்குறை நிறைய உண்டு. மூளையின் அலை தலைத்தோலில் பத்து முதல் நூறு மைக்ரோ வோல்ட் அளவே இருக்கும். ஒரு மைக்ரோ வோல்ட் என்பது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டினாலும், பல்லைக் கடித்தாலும், வியர்த்தாலும், கம்பி சற்றுத் தளர்ந்தாலும் அதைவிடப் பெரிய கோடு எழும். விழித்து, கண் மூடி அமைதியாய் இருப்பவருக்கு நொடிக்கு 8 முதல் 13 வரையிலான 'ஆல்ஃபா' அலைகள் எழும். அரைத் தூக்கத்தில் அவையே மங்கும். இந்த வேறுபாட்டை அறியாத கண் தூக்கத்தை நோய் என்று படித்துவிடும்.

இனி அதன் சிறப்பையும் கூற வேண்டும். 1935இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர், சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் குழந்தைகளிடம் நொடிக்கு மூன்று முறை எழும் கூர்முனை அலையைக் கண்டனர். அது இன்றும் அவ்வகை வலிப்பின் தெளிவான அடையாளம். வகுப்பில் கனவு காண்கிறான் என்று அடிபட்ட பிள்ளைகள் எத்தனையோ பேரை அந்தக் கோடு காத்திருக்கிறது. உடல் துடிக்காமல் மூளை மட்டும் ஓயாமல் வலிப்பிலிருக்கும் நிலையையும், தட்டம்மைக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சில பிள்ளைகளின் மூளையைத் தாக்கும் கொடிய அழற்சியையும் கண்டறிய இப்பதிவு பெருந்துணை செய்கிறது.

தமிழகத்தில் மூளை மருத்துவம் தனித்துறையாய் வேரூன்றியது 1949இல். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி பணி தொடங்கினார். அக்காலத்தில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துள் அடங்கிய ஊர்கள். 1995இல் பெரம்பலூர் மாவட்டமாயிற்று. 2007இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முந்தைய தலைமுறையினருக்கு ஒரு பதிவு என்பது நெடும்பயணமும் பெருஞ்செலவும் ஆகும். அவ்வளவு அரிதாய்க் கிடைத்த காகிதத்தை அவர்கள் தீர்ப்பாகவே கொண்டதில் வியப்பில்லை.

ஆனால் அறிஞர்களும் இக்கோடுகளைப் படிப்பதில் வேறுபட்டார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1955இல் தாஸ் என்ற இந்திய ஆய்வாளரும் கஸ்தோ என்ற பிரெஞ்சு அறிஞரும், ஆழ்ந்த தியானத்தில் யோகியரின் மூளையலை விரைவுறுகிறது என்று வெளியிட்டனர். 1961இல் தில்லியில் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகியரிடம் அமைதிக்குரிய ஆல்ஃபா அலையே ஓங்கி நிற்கிறது என்றனர். இருசாராரும் உண்மையாளர்களே. ஆள் வேறு, பயிற்சி வேறு, சூழல் வேறு. ஒரே பதிவிலிருந்து பொது விதி வகுப்பது எவ்வளவு அரிது என்பதையே இது காட்டுகிறது.

இதைவிடக் கசப்பான பாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. தூக்கத்தில் நொடிக்கு 14 அல்லது 6 என எழும் ஒருவகை அலையை 1950களில் நோயின் குறியாகவும் தீய நடத்தையின் குறியாகவும் பலர் கருதினர். 1966இல் நல்ல உடல்நலமுள்ள பள்ளி மாணவர்களைச் சோதித்தபோது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அதே அலை இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை சிறுவர்கள் அப்பழியைச் சுமந்தனரோ, அல்லாஹ்வே அறிவான்.

அப்படியாயின் இச்சாட்சியின் திண்மைதான் எவ்வளவு? வலிப்பு நோய் உறுதியாய் உள்ளவர்களிலும் முதற்பதிவில் நோயின் குறி தென்படுவது ஏறக்குறையப் பாதிப் பேரிடமே. மீண்டும் மீண்டும் பதிவு செய்து நான்காம் முறை வரை சென்றால் பத்தில் எட்டு ஒன்பது பேரிடம் கிடைக்கலாம். எஞ்சியோருக்கு அப்போதும் கிடைக்காது. காரணம் எளிது: நோய் ஆண்டு முழுதும் உறங்கிக் கிடக்கிறது, பதிவோ இருபது முப்பது நிமிடம் மட்டுமே பார்க்கிறது. மறுபுறம், 1993இல் வெளியான ஆங்கிலேய விமானப்படை ஆய்வில், வானோட்டிகளாய்ச் சேர வந்த 13,658 நலமுள்ள இளைஞர்களில் சுமார் அரை சதவீதத்தினரிடம் வலிப்புக்குரிய அலை காணப்பட்டது. அவர்களுள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டோரில் ஒருவருக்கே பின்னர் வலிப்பு வந்தது.

நம் உஸூல் நூல்களில் ஒரு விதி உண்டு: ஒன்றை உண்டு என உறுதிசெய்பவரின் அறிவிப்பு, இல்லை என்பவரின் அறிவிப்பை முந்தும். ஏனெனில் உண்டு என்பவரிடம் மற்றவரிடம் இல்லாத கூடுதல் அறிவு இருக்கிறது. "நான் காணவில்லை" என்பது "அது இல்லை" என்பதாகாது. ஈ.ஈ.ஜி.யின் வாக்குமூலத்தையும் இவ்விதியின்படியே எடைபோட வேண்டும். குறையொன்றும் இல்லாத பதிவு, காணாதவனின் சொல். வலிப்பின் அலையைத் தெளிவாய்க் காட்டும் பதிவு, கண்டவனின் சொல். ஆயினும் அது தனியொருவர் அறிவிப்பே. விழுந்ததை நேரில் கண்டவர் கூறும் விவரமும் மருத்துவரின் பரிசோதனையும் அதற்குத் துணை நின்றால்தான் அது வலுப்பெறும்.

வலிப்பு நோயிலேயே இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமாயின், மூளையின் பொது நலம், நினைவாற்றல், அறிவுக்கூர்மை ஆகியவற்றை அலைகளைக் கொண்டு அளந்து சொல்கிறோம் என்போரிடம் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! அலைகளைக் கணினியால் எண்ணிக்கையாக்கிப் படிக்கும் முறையைப் பற்றி 1997இல் அமெரிக்க நரம்பியல் கழகம் ஆராய்ந்தது. தலைக்காயத்தின் பின்விளைவு, கற்றல் குறைபாடு போன்றவற்றை அறிய அம்முறையை வழக்கமாய்க் கையாளப் பரிந்துரைக்க இயலாது என்றது. 2013இல் பிள்ளைகளின் கவனக்குறைவு நோயை அறியத் துணைக்கருவி என்ற அளவில் ஒரு அலைச்சோதனைக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தது. 2016இல் அதே நரம்பியல் கழகம், மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாக அதைக் கொள்ளலாகாது என்று அறிவுறுத்தியது. ஆராய்ச்சி தொடர்கிறது, தொடரட்டும். ஆராய்ச்சிக்கூடத்தில் பல நூறு பேரின் சராசரியில் தெரியும் வேறுபாடு, ஒரு வீட்டின் ஒரு பிள்ளையைப் பற்றிய தீர்ப்பாகிவிடாது.

நீதிமன்றமும் இவ்வினாவைச் சந்தித்தது. மூளையலையைக் கொண்டு குற்றவாளியின் நினைவைப் படிக்கலாம் என்ற முறையை 2008இல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் சான்றாக ஏற்றபோது உலகமே வியந்து பார்த்தது. 2010 மே 5ஆம் நாள் செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமின்றி மூளையலைச் சோதனையை அவர்மீது திணிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. மனிதனின் அகத்தைப் பற்றிப் பேசும் கருவிக்கு எல்லை வகுக்க வேண்டும் என்பதை நாட்டின் உயர்ந்த மன்றமே உணர்ந்தது.

நம் வீடுகளில் அவ்வெல்லையை வகுக்க வேண்டியவர்கள் நாமே. பெண் பார்க்கச் சென்ற இடத்தில் அலைப்பதிவைக் கேட்டு வாங்கி, அதன் இறுதி வரியைக் காட்டி நிக்காஹ் பேச்சை முறித்த செய்திகள் நம் காதில் விழுகின்றன. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வலிப்பு நோயை ஒரு காரணமாகக் குறிப்பிடவே இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் நுழைக்கப்பட்ட அச்சொல்லும் 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டங்களே கைவிட்ட தடையை நாம் ஒரு காகிதத்தைக் கொண்டு மீண்டும் எழுப்பலாமா? நோயை மறைத்து நிக்காஹ் முடிப்பதும் முறையன்று. உண்மையைச் சொல்லி, மருத்துவரின் கருத்தைக் கேட்டு, மாத்திரையால் நோய் அடங்கி வாழ்வோர் ஏராளம் என்பதை அறிந்து முடிவெடுப்பதே அமானிதத்துக்குரிய வழி.

ஆகவே, பதிவெடுக்கச் செல்லும்போது பிள்ளை விழுந்ததை நேரில் கண்டவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எப்படி விழுந்தது, எந்தக் கை முதலில் துடித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று அவர் கூறும் விவரம் பதிவினும் பெரிய சான்றாகலாம். பதிவில் குறை இல்லையென்றாலும் மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். குறை உண்டு என்றாலும் பிள்ளையின் பள்ளியை நிறுத்தாதீர்கள். கிணற்றடியில் விழுந்த அந்த மாணவர் மீண்டும் மாத்திரை தொடர்ந்தார். பின்னர் எடுத்த பதிவொன்றிலும் குறை தென்படவில்லை. ஆயினும் இம்முறை அவர் வீட்டார் அதைப் பார்த்து எதையும் நிறுத்தவில்லை. இன்று அவர் நம் பகுதியில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறார். நோயும் நிவாரணமும் அருளும் அல்லாஹ், சாட்சிகளை எடைபோட்டு நீதி செலுத்தும் அறிவையும் நமக்கு அருள்வானாக. ஆமீன்.