கள்ள வில்லையின் கதை

காசு தோன்றிய காலந்தொட்டே கள்ளக் காசும் தோன்றிவிட்டது எனலாம். அரசின் முத்திரையைப் போலியாகப் பொறித்தவனுக்குப் பல நாடுகள் கொலைத் தண்டனையே விதித்தன. ஆயின் அரச முத்திரை எதுவுமின்றி, ஒரு தனி நிறுவனத்தின் வாக்குறுதியை மட்டுமே தாங்கி நிற்கும் காசு ஒன்றும் உலகில் உண்டு. சூதாட்ட மண்டபங்களிற் பணத்துக்கு ஈடாக வழங்கும் 'சிப்' என்னும் வில்லையே அது. சூதின் தீமையை வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதிலும் எடுத்துரைத்துள்ளார். ஆதலின் அதனை விடுத்து, அவ்வில்லையைப் போலி செய்தோர் எவ்வாறு அகப்பட்டனர் என்பதையே இன்று நோக்குவோம்.

தனியார் வெளியிட்ட காசு நம் நாட்டுக்கும் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்தில், கொழும்புக் கோப்பி ஆலைகள் சில, தொழிலாளரின் நாட்கூலிக்கெனத் தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளை வழங்கின. வில்லையை வெளியிட்டவர் சொற்படி பணந் தருவார் என்னும் நம்பிக்கையே அதன் மதிப்பு. சூதாட்ட வில்லையின் இயல்பும் இதுவே.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் ஆற்றுக் கப்பல்களிலும் மதுச்சாலைகளிலும் சூதாடியோர் யானைத் தந்தத்தாலும் எலும்பாலும் செய்த வில்லைகளைப் பயன்படுத்தினர். அந்நூற்றாண்டின் இறுதியிற் களிமண் கலவையால் வார்த்த வில்லைகள் பரவின. எவரும் கடையில் வாங்கக்கூடிய வெறும் வில்லையை ஒருவன் சட்டைப்பையில் மறைத்துக் கொணர்ந்து மேசையிற் சேர்த்துவிடலாம் அன்றோ? அதனாலேயே ஒவ்வொரு மண்டபமும் தனக்கென ஒரு சின்னத்தையும் நிறத்தையும் வகுத்துக்கொண்டது.

நெவாடா மாநிலம் 1931ஆம் ஆண்டிற் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. காசிட்டு இயக்கும் சூதாட்டப் பொறிகளில் அக்காலத்தில் உண்மையான வெள்ளி டொலர்களே புழங்கின. 1964ஆம் ஆண்டளவில் வெள்ளி டொலருக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்படவே, மறு ஆண்டு முதல் மண்டபங்கள் தத்தம் பெயரில் உலோக வில்லைகளை அடித்து வழங்கலாயின. இவ்வாறு அரசின் காசு நின்றிருந்த இடத்திற் சூதாட்ட மண்டபத்தின் காசு வந்து அமர்ந்தது. கள்ளனுக்கும் அது புதிய வாயிலாயிற்று.

அவ்வாயிலிற் புகுந்தோருட் பெயர் பெற்றவர் றோட் ஐலண்ட் மாநிலத்து லூயிஸ் கோலவெக்கியோ. நகைத் தொழிலிற் கைதேர்ந்த இவர், பல மண்டபங்களின் உலோக வில்லைகளுக்கு அச்சு வெட்டினார். அவர் அடித்த வில்லை, மண்டபத்தாரே வேறுபாடு காணவியலாத அளவுக்கு நேர்த்தியாக இருந்தது. எனினும் 1996ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சிற்றி நகரில் அவர் கைதாகிப் பின் சிறை சென்றார். தொழிலில் அவர் குறை வைக்கவில்லை. மண்டபத்தின் கையிருப்பில், அது வெளியிட்ட தொகைக்கு மேலாக வில்லைகள் வந்து சேர்ந்திருந்தன. அந்த மிகுதியே அவரைக் காட்டிக்கொடுத்தது.

நேயர்களே, இவ்விடத்தில் ஒன்றை நாம் உற்று நோக்க வேண்டும். கள்ள நாணயத்தாளை அச்சிட்டவன் அதனைச் சந்தையில் மாற்றிவிட்டு அகன்றுவிடலாம். அது ஆயிரம் கைகள் மாறிய பின்னரே மத்திய வங்கியின் கண்ணிற் படும். சூதாட்ட வில்லைக்கோ சந்தை இல்லை. அதனைப் பணமாக்க விரும்புவோன், அதனை வெளியிட்டவரிடமே திரும்பிச் செல்ல வேண்டும். ஆதலால், எத்தனை கொடுத்தோம், எத்தனை திரும்பின என்று எண்ணிப் பார்க்கும் பழக்கமே மண்டபத்தின் தலையாய காவலாகும்.

ஏனைய காவல்கள் இதற்குத் துணையாக அமைந்தவை. வில்லையின் விளிம்பிற் பல நிறப் பட்டைகள் இடப்படுகின்றன. மேசையில் அடுக்கி வைத்திருக்கும்போதே மேலிருக்கும் கமெரா அவற்றின் மதிப்பை அறிந்துகொள்ளும். புற ஊதா ஒளியில் மட்டுமே தோன்றும் மையும், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்ணெழுத்தும் உண்டு. நாள்தோறும் பல்லாயிரம் வில்லைகளைக் கையாளும் ஊழியரின் விரல், எடையிலும் வழவழப்பிலும் உள்ள சிறு மாற்றத்தையும் உணர்ந்துவிடும். நியூ ஜேர்சி மாநில விதிகளின்படி, வழக்கிலுள்ள வில்லைகளுக்கு மாற்றாக வேறொரு தொகுதியும் ஆயத்தமாக இருக்க வேண்டும். கள்ள வில்லை புகுந்ததென ஐயம் எழுந்தாற் பழைய தொகுதியை அகற்றிப் புதியதை இறக்கிவிடுவர். லாஸ் வெகாஸில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வின் மண்டபம், வானொலி அலையால் தன் இலக்கத்தை அறிவிக்கும் நுண்கருவி பதித்த வில்லைகளை வழங்கியது. மேசையிலும் காசாளரிடத்திலும் உள்ள கருவி வினவும்போது, பதிவில் இல்லாத வில்லை அகப்பட்டுக்கொள்ளும்.

உண்மையான வில்லையே ஒரே இரவிற் செல்லாக் காசாவதும் உண்டு. 2010ஆம் ஆண்டு டிசெம்பரில், தலைக்கவசம் அணிந்த ஒருவன் லாஸ் வெகாஸ் பெலாஜியோ மண்டபத்திலே 15 இலட்சம் டொலர் மதிப்புள்ள வில்லைகளைப் பறித்துச் சென்றான். மண்டபமோ தனது 25,000 டொலர் வில்லைகளின் அத்தொகுதி 2011 ஏப்ரலுக்குப் பின் செல்லாதென அறிவித்தது. விற்க வழி தேடியவன், ஈற்றில் மாறுவேடத்தில் வந்த பொலிஸாரிடமே சிக்கினான்.

இனி 2014ஆம் ஆண்டு சனவரியில் அத்திலாந்திக் சிற்றியின் போர்கேட்டா மண்டபத்தில் நிகழ்ந்ததைக் கூறுவேன். அங்கு நடந்த சீட்டாட்டப் போட்டியில் 4,814 பதிவுகள் இருந்தன. நுழைவுக் கட்டணம் 560 டொலர். போட்டி வில்லையைப் பணமாக மாற்ற இயலாது. எனினும் எவரிடம் வில்லை மிகுதியோ அவரே பரிசை நெருங்குவார். 27 பேர் எஞ்சியிருந்த நிலையிற் கணக்கு ஒவ்வாமை தெரியவந்தது. 5,000 மதிப்புக் குறித்த கள்ள வில்லைகள் 160, ஆட்டத்திற் புகுந்திருந்தன. போட்டி இடைநிறுத்தப்பட்டுப் பின் கைவிடப்பட்டது. அஞ்சிய குற்றவாளி, எஞ்சிய வில்லைகளைத் தான் தங்கியிருந்த ஹோட்டலின் மலக்குழியில் இட்டு நீர் பாய்ச்சினான். குழாய் அடைத்துக் கொண்டது, கீழறைகளில் நீர் ஒழுகியது, செய்தவன் வெளிப்பட்டான். 2015ஆம் ஆண்டில் அவனுக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஆயினும் குற்றவாளி சிறை சென்றதோடு நட்டம் தீர்ந்துவிடவில்லை. பல நாள் விழித்திருந்து நேர்மையாக ஆடியோரின் வெற்றி தோல்வி யாவும் பொருளற்றுப் போயின. கள்ள வில்லை எந்த மேசைகளிற் சுற்றியது, எவரை வெளியேற்றியது என்பதை எவராலும் பிரித்தறிய இயலவில்லை. ஒருவனது வஞ்சம் ஆயிரக்கணக்கானோரின் ஆட்டத்தையும் ஐயத்துக்கு உரியதாக்கியது. போலியால் விளையும் பெருந்தீங்கு இதுவே. மெய்யானதையும் அது நம்பவியலாததாக்கிவிடுகிறது.

தமிழிற் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரே சொல் வழங்குகின்றது. பிறர் பொருளைக் கவர்வதையே தொழிலாகக் கொண்ட சூதாட்ட மண்டபமும், தான் வெளியிட்ட வில்லையின் நாணயத்தைக் காக்க இத்துணைக் காவல் வைக்கின்றது. அது கெட்ட மறுநாள் அதன் கதவு திறவாதென அறியும். கூட்டுறவுச் சங்கத்தின் பற்றுச்சீட்டாயினும், பாடசாலை வழங்கும் சான்றிதழாயினும், நம் கையொப்பத்தோடு வெளிச்செல்வது யாதும் நாம் கொடுத்த வாக்கே. அதனை எழுதும்போது காட்டும் கவனத்தை, அதன் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் நாம் காட்ட வேண்டும். கோலவெக்கியோவின் கைத்திறன் எல்லார் கண்ணையும் ஏமாற்றியது. ஏட்டிலிருந்த எண்ணிக்கையை அதனால் ஏமாற்ற இயலவில்லை.