பம்பாய் மகாமாரியும் மக்களது அச்சமும்

அரசர் முடிசூடியதும் போர் வென்றதும் வரலாற்று நூல்களில் விரித்துரைக்கப்படுகின்றன. மக்களைக் கோடிக்கணக்கில் வாரிக்கொண்டு சென்ற நோய்களோ பெரும்பாலும் இரண்டொரு வரிகளில் அடங்கிவிடுகின்றன. இக்குறையை நம் நாட்டிலும் மேனாட்டிலும் உள்ள வரலாற்றாசிரியர் சிலர் அண்மைக் காலத்தே நீக்கி வருகின்றனர். நோய்க்கிருமியின் இயல்பை ஆராய்தல் மருத்துவர் தொழில். நோய் புகுந்தகாலை அரசு யாது செய்தது, செல்வர் யாது செய்தனர், எளியோர் யாண்டுச் சென்றனர், யார் எவரை நம்பினர், யார் எவரை அஞ்சினர் என்பனவற்றை ஆராய்தல் வரலாற்றார் தொழில். இப்பின்னைய முறை பற்றி, 1896 ஆம் ஆண்டிற் பம்பாயிற் புகுந்த பிளேக்கு என்னும் மகாமாரியின் செய்தியை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அந்நாளை அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புக்களிலே ஒரு கூற்று அடிக்கடி வருகின்றது. மக்கள் நோயாளரை வீட்டில் ஒளித்தனர், மருத்துவமனைக்கு வர மறுத்தனர், ஊரைவிட்டு ஓடினர், இவையெல்லாம் அறியாமையும் மூடநம்பிக்கையும் காரணமாக நிகழ்ந்தன என்பது அக்கூற்று. பின்வந்தோர் பலரும் அதனை அவ்வாறே ஏற்றுரைத்தனர். அஃது எவ்வளவிற் பொருந்தும் என்பதே நம் வினா.

இந்நோய் சீனத்தின் யூனான் நாட்டுப் புறத்தே பன்னெடுங்காலம் உறைந்திருந்து, 1894 இல் காண்டன், ஹாங்காங் என்னும் நகரங்களிற் பரவிற்று. ஹாங்காங்கில் அவ்வாண்டு அலெக்சாந்தர் எர்சின் என்னும் மருத்துவர் இதன் கிருமியைக் கண்டறிந்தார். இரண்டாண்டு கழித்து, 1896 செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டுவி என்னும் பகுதியில் அக்காசியோ வீகாஸ் என்னும் கோவா நாட்டு மருத்துவர் ஒரு நோயாளரிடத்தே இதன் குறிகளைக் கண்டு வெளிப்படுத்தினார். மாண்டுவி தானியப் பண்டசாலைகள் நிறைந்த இடம். பண்டசாலைகளில் எலிகள் செத்து வீழ்ந்து கிடந்தமையை அங்குள்ளோர் முன்னரே கண்டிருந்தனர். அச்செய்தியின் பொருளை அன்று உணர்ந்தார் மிகச் சிலரே.

நோய் பிளேக்கு என்பதனை ஒப்புக்கொள்ளுதற்கே நகர ஆட்சியார் முதலில் தயங்கினர். வாணிகம் கெடுமே என்னும் அச்சம் அது. மக்கள் அச்சத்தைப் பழித்துரைப்போர் இவ்வச்சத்தையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். தயக்கம் நீங்கியபின்னரோ விரைவு அளவிறந்ததாயிற்று. 1896 அக்டோபர் 6 ஆம் நாள் நகராட்சி ஆணையர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஐயத்துக்கு இடமான எவ்வீட்டுள்ளும் புகவும், நோயுற்றாரை வலிந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் அதிகாரிகளுக்கு உரிமை தருவது அவ்வறிவிப்பு. அக்டோபர் 29 ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் ஏறக்குறைய ஆயிரவர் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். அதன்மேல் ஆணையர் தம் கட்டளையின் கடுமையைக் குறைத்துக்கொண்டார்.

அக்காலத்தே பம்பாயில் உலவிய வதந்திகள் கேட்போர் நகைக்கத்தக்கன போலத் தோன்றும். மருத்துவமனைக்குச் சென்றாரை அறுத்துத் தைலம் வடிக்கின்றனர் என்றனர் சிலர். விக்டோரியா அரசியாரது சிலைக்குக் கீல் பூசி இழிவு செய்தமையால் வெகுண்ட அரசியார், பழிக்கு மக்களின் ஈரல்களை வேண்டினார் என்றனர் வேறு சிலர். (அச்சிலைக்குக் கீல் பூசியவர் தாமே என்று பின்னர் ஒப்புக்கொண்டவர் யாவரென்பது மேலே வரும்.) இவ்வதந்திகளைப் பொய்யென்று தள்ளுதல் எளிது. ஆயினும் இவற்றின் உள்ளுறையை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். நோய் முதிர்ந்தபின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார் பெரும்பாலும் மீண்டிலர். உற்றார் பார்க்கவும் உடனிருக்கவும் ஒட்டாமல் பிரிக்கப்பட்டு, தம் சமயத்து ஈமக்கடன் பெறுவோம் என்னும் உறுதியும் இன்றி மாண்டனர். ஒருவனைக் கொண்டுபோயினர், அவன் மீளவில்லை, அகத்தே நிகழ்ந்தது எவர்க்கும் தெரியாது. இந்நிலையில் எளிய மக்கள் உள்ளத்தில் வேறு எவ்வகை எண்ணந்தான் எழும்?

1897 பிப்ரவரி 4 ஆம் நாள் தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறிற்று. நான்கே பிரிவுகள் கொண்டது அச்சட்டம். நோய் தடுத்தற்பொருட்டு எக்கட்டளையும் இடுதற்கு அரசினர்க்கு உரிமையளித்ததோடு, நல்லெண்ணத்தாற் செய்த யாதொன்றன்பொருட்டும் எவர்மீதும் வழக்குத் தொடுத்தல் இயலாது என்னும் காப்பும் அதன்கண் வைக்கப்பட்டது. இவ்வளவு விரைவு ஏன் எனில், ஐரோப்பிய அரசுகள் இந்தியச் சரக்குகளைத் தம் துறைகளில் இறக்கவொட்டாமல் தடுக்கும் நிலையில் இருந்தன. அவ்வாண்டே வெனிஸ் நகரிற் பிளேக்குப் பற்றிய பன்னாட்டு மாநாடும் கூடிற்று. மெக்காவிற்குச் செல்லும் யாத்திரையும் அவ்வாண்டு நிறுத்தப்பட்டது. ஆகவே, பம்பாய் ஏழையின் குடிலுட் புகுந்த கை நோயைத் தடுக்கும் கை மட்டுமன்று. வாணிகத்தைக் காக்கும் கையுமாம் என்பது தெளிக.

1897 மார்ச்சு மாதத்திற் படைத்தலைவர் கட்டேக்கர் தலைமையிற் பம்பாயில் ஒரு பிளேக்குக் குழு அமைந்தது. வீடுவீடாகத் தேடுதல், நோயாளரைப் பிரித்தல், அவரோடு உறைந்தாரைக் கொட்டகைகளில் வைத்தல், புகைவண்டி நிலையங்களிற் பயணிகளை நிறுத்திக் கக்கத்தையும் தொடையிடுக்கையும் சோதித்தல், துணிமணிகளைக் கொளுத்துதல், கூரையைப் பிரித்தல் முதலியன நடந்தன. கார்பாலிக் திராவகமும் கடல்நீரும் சாக்கடைகளிற் பாய்ச்சப்பட்டன. ஒளியும் காற்றும் புகாத வீடுகளின் சுவர்களிலே, மக்கள் உறைதற்கு ஒவ்வாதது என்னும் பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துக்கள் எழுதப்பட்டன. அவ்வீடுகளைக் கட்டி வாடகை வாங்கியவர் வேறு, வெளியேறியவர் வேறு.

பூனாவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. அங்கே வா. சா. ராண்டு என்னும் அதிகாரி ஆங்கிலப் படைவீரரைக்கொண்டு வீடுகளைச் சோதிப்பித்தார். பூசையறையும் அடுக்களையும் மகளிர் உறையும் அறையும் வேற்றார் காலடியில் மிதிபட்டன. மகளிர்க்கு நேர்ந்த இழிவு பற்றிப் பண்டித ரமாபாய் பத்திரிகைக்கு எழுதி முறையிட்டார். 1897 சூன் 22 ஆம் நாள் இரவு, அரசியாரது மணிவிழாக் கொண்டாட்டத்தினின்று மீளும்போது ராண்டும் அயர்ஸ்டு என்னும் படையதிகாரியும் சுடப்பட்டனர். அயர்ஸ்டு அங்கேயே மாண்டார்; ராண்டு சூலை 3 இல் இறந்தார். சுட்ட குற்றத்திற்காகத் தாமோதர் ஹரி சாபேகர் 1898 ஏப்ரல் 18 இல் தூக்கிலிடப்பட்டார். பம்பாய்ச் சிலைக்குக் கீல் பூசியவர் தாமே என்று கூறியவரும் அவரே. பால கங்காதர திலகர் தம் பத்திரிகையில் எழுதியவை பற்றி அரசநிந்தைக் குற்றம் சாட்டப்பெற்று, அச்செப்டம்பரிற் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அதே திலகர் பூனாவில் இந்துக்களுக்கென ஒரு பிளேக்கு மருத்துவமனை அமைதற்கு உழைத்தார் என்பதையும் மறத்தலாகாது. அவர் எதிர்த்தது மருத்துவத்தையன்று என்பதற்கு அதுவே சான்று.

இனி, அறியாமை என்னும் கூற்றை மருத்துவ நூல்கொண்டே அளந்து பார்ப்போம். பவுல் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898 சூன் மாதத்திற் கராச்சியில் ஒரு சோதனை செய்து, நோயுற்ற எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சியே நோயை மற்றோர் எலிக்குக் கொண்டுசெல்கின்றது என்று காட்டினார். பல ஆண்டுகள் வரை அவர் கூற்றை ஏற்றார் இலர். 1905 முதல் நிகழ்ந்த ஆராய்ச்சிக் குழுவினரது உழைப்பினாலேயே அஃது ஐயமின்றி நிலைபெற்றது. நெறிகட்டிப் பிளேக்கு ஒருவரைத் தொடுதலான் மற்றவரைப் பற்றுவதன்று. நுரையீரலைப் பற்றும் வகை ஒன்றே மூச்சின் வழி நேரே பரவுவது. பம்பாயிற் பரவியது பெரும்பாலும் முன்னையது. ஆகவே தாயினின்று மகவைப் பிரித்தமையும், அயலாரைக் கொட்டகையில் அடைத்தமையும் பெரிதும் பயனிலவாய் முடிந்தன. எலியிருந்த வீட்டினின்று நீங்கியது ஒன்றே பயன்பட்டது.

குமாயூன், கடுவால் மலைநாட்டு மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டு இந்நோயை அறிந்திருந்தனர். மகாமாரி என்று அவர்கள் இதனை வழங்கினர். வீட்டில் எலிகள் செத்து விழக் கண்டவுடன் வீட்டையும் ஊரையும் விட்டு வெட்டவெளியிலோ காட்டிலோ போய்த் தங்குதல் அவர்தம் வழக்கம். சிமோன் தெள்ளுப்பூச்சியைக் காணும் முன்னரே, நூல் கல்லாத அம்மலைவாணர் செய்தது செய்யத்தக்கதே. ஓடினார் எல்லாரையும் அறிவிலார் என்றல் எங்ஙனம் பொருந்தும்? பின்னாளில் அரசினரும் மக்களை வீடு விட்டு வெளியே பாசறைகளில் தங்குமாறு வேண்டிக்கொள்ளும் நெறிக்கே வந்தனர்.

பம்பாயை விட்டு நீங்கினார் தொகை பெரிது. 1897 தொடக்கத்தில் நகரமாந்தருள் ஏறக்குறையப் பாதியர் வெளியேறிவிட்டனர். ஆலைகள் ஆளின்றித் தவித்தன. ஆலைத்தலைவரது ஆட்கள் தெருமுனைகளில் நின்று தொழிலாளரைக் கூவி ஏலத்தில் எடுப்பதுபோற் கூலியை ஏற்றினர். திங்கட்கூலியை நிறுத்திவைத்துக் கொடுத்த முதலாளிகள் நாட்கூலியை அன்றன்றே கையில் அளந்தனர். தம் உழைப்பிற்குள்ள விலையை அத்தொழிலாளர் கண்டுகொண்டது சாவின் நிழலிலே ஆயிற்று. நோய் தணிந்தபின் பழைய வழக்கே திரும்பிற்று.

மக்கள் செய்தன யாவும் நன்றே என்று கூறப் புகுந்தோமல்லேம். ஓடினார் தம் மூட்டைகளிலும் தானியச் சாக்குகளிலும் தெள்ளுப்பூச்சியையும் உடன்கொண்டு சென்றனர். புகைவண்டி சென்ற வழியே நோயும் சென்றது. மற்றொன்று, ஊசிமருந்தை மறுத்தமை. வால்டமர் ஹாப்கின் என்னும் அறிஞர் 1896 அக்டோபரிற் பம்பாய்க்கு வந்து, சிறியதோர் ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்து கண்டு, 1897 சனவரி 10 ஆம் நாள் முதலில் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். முழுக்காப்பு அன்றாயினும் நோயையும் சாவையும் அது குறைத்தது. அதனை அஞ்சி விலகினார் பலர். அவருள் எத்துணையோ பேர் பிழைத்திருப்பர். ஆயினும் மூன்றாம் ஆகாகான் தாமே பலர் காண ஊசியிட்டுக்கொண்டகாலை, அவரைப் பின்பற்றும் கோஜாக்கள் திரளாக முன்வந்தனர். மருந்து ஒன்றே, கையை நீட்டச் செய்தது நம்பிக்கை.

அந்நம்பிக்கை ஒருநாளில் உடைந்ததும் உண்டு. 1902 அக்டோபர் 30 இல் பஞ்சாபில் மல்கோவால் என்னும் சிற்றூரில் ஊசியிடப்பட்ட 107 பேருள் 19 பேர் ஈர்ப்புசன்னி கண்டு மாண்டனர். ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர் அவர். பழி ஹாப்கின்மேல் வீழ்ந்து, அவர் பதவியினின்று விலக்கப்பட்டார். புட்டியைத் திறந்த இடத்திலே மாசு கலந்தது என்பதற்குச் சான்றுகள் காட்டி, ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர் வாதிட்டபின், 1907 இலேயே அவர் பழி நீங்கிற்று. அவ்விடைக்காலத்திற் பஞ்சாபில் ஊசியிடும் பணி தளர்ந்தது. 1907 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவிற் பிளேக்கால் மாண்டார் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர். அவருட் பஞ்சாபியரே மிகப் பலர்.

பம்பாயில் கட்டேக்கர் குழுவினர் அவ்வச் சமூகத்தார் தத்தம் மருத்துவமனைகளை அமைத்துக்கொள்ள ஒருப்பட்டனர். தம்மவர் சமைத்த உணவும் தம்மவர் துணையும் கிடைத்தவிடத்து மக்கள் நோயை மறையாது வெளிப்படுத்த முன்வந்தனர். சாதிப்பிரிவை இது பற்றி யாம் போற்றவில்லை. தமக்கென மருத்துவமனை எழுப்பும் பொருளில்லாதார் அரசினர் கொட்டகைக்கே செல்லவேண்டியிருந்ததையும் உடனெண்ணுக. பூனாவை அடுத்து, மருத்துவராகிய தம் மகனாரோடு அத்தகையோரைப் பேணி நின்ற சாவித்திரிபாய் புலே அம்மையார், அந்நோய் தம்மையும் பற்ற, 1897 மார்ச்சு 10 இல் உயிர் நீத்தார். 1898 மார்ச்சில் பம்பாய் நெசவாளரிடையேயும் 1900 ஏப்ரலிற் கான்பூரிலும் கலகங்கள் நிகழ்ந்தன. பிறகு அரசினர் வலிந்து செய்யும் முறையைப் படிப்படியாகக் கைவிட்டனர்.

1896 முதல் கால் நூற்றாண்டில் இந்நாட்டில் இந்நோயால் மாண்டார் ஒரு கோடிக்குக் குறையார். நகரத்தைச் சீர்ப்படுத்துதற்கென 1898 இல் ஏற்பட்ட பம்பாய்ச் சீர்திருத்த அறநிலையம் இடித்த வீடுகள் பல. முதலாண்டுகளில் இடித்த அளவிற்கு ஏழைகட்கு வீடு கட்டித்தரவில்லை. 1897 ஆம் ஆண்டுச் சட்டமோ நெடுநாள் வாழ்ந்தது. 2020 இல் கொரோனா நோய் பரவியபோதும் அரசுகள் அதனையே எடுத்தாண்டன. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வேலையிழந்த தொழிலாளர் நகரங்களை விட்டுத் தம் ஊர்களை நோக்கி நடந்ததைக் கண்டார்க்கு 1897 ஆம் ஆண்டுப் பம்பாய் நினைவிற்கு வந்திருக்கும்.

பம்பாயிற் புகுந்த மகாமாரி மைசூர் நாட்டின் வழியே தெற்கும் வந்தது. சென்னை மாகாணத்திற் பிற இடங்களினின்று வருவார்க்குப் பிளேக்குச் சீட்டு என்னும் அனுமதிச்சீட்டு வழங்கி, அவர் உடல்நிலையைப் பல நாள் நோக்கிவந்தனர். கோயம்புத்தூர் பன்முறை இந்நோய்க்கு இரையாயிற்று. ஊரை விட்டு வெளியே குடிசையிட்டுத் தங்கி, நோய் தணிந்தபின் மீண்ட மக்கள் அம்மைக்கு எடுத்த வழிபாட்டின் அடையாளமாகப் பிளேக் மாரியம்மன் என்னும் பெயராலேயே கோயில்கள் அந்நகரில் இன்றும் உள்ளன.