திண்ணையில் ஒரு ராத்திரி

எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் தட்டல் கேட்கும், லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவர்களின் கத்தல் கேட்கும். அலைச் சத்தம் மட்டும் கேட்காது. போன ஏப்ரலில் பைக்கின் பின்னால் ஒரு டென்ட்டைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். வேதாரண்யம் போய், அங்கிருந்து கடலோரமாகவே தரங்கம்பாடி வரை. யார் வீட்டிலும் தங்கக் கூடாது, யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. இதுதான் திட்டம்.

வேதாரண்யத்துக்குக் காரணம் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை எங்கள் நகராட்சித் தலைவர். தண்டியில் காந்தி உப்பை அள்ளிய மறுவாரம், 1930 ஏப்ரல் 13 அன்று, திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு அவர் நடக்க ஆரம்பித்தார். அவர்களுக்கு வழிநடைப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படித்தது இவ்வளவுதான்.

நாமக்கல் தாண்டி, திருச்சியிலிருந்து அவர்கள் போன பாதையைப் பிடித்தேன். தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. ஏறக்குறைய 240 கிலோமீட்டர். எனக்கு ஒரு பகல். அவர்களுக்கு சித்திரை வெயிலில் 15 நாள்.

பாடப் புத்தகம் நடந்தவர்களைப் பற்றிச் சொன்னது. சோறு போட்டவர்களைப் பற்றிப் பிறகு நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் கெட்டிக்காரர். நடப்பவர்களை அடித்தால் கூட்டம் கூடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வேறு பக்கமாகக் கை வைத்தார். தொண்டர்களுக்குச் சாப்பாடோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 157-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அபராதம் என்று ஊர் ஊராக எச்சரித்தார். பட்டினி போட்டால் ஊர்வலம் தானாகக் கலைந்துவிடும் என்று கணக்கு.

கணக்கு பலிக்கவில்லை. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் சாப்பாட்டுப் பாத்திரங்களைப் புதைத்து வைத்தார்கள். யார் கொடுத்தது என்று போலீஸ் எந்த மரத்தைக் கேட்கும்? ஒளிக்காமல் கொடுத்தவர்களும் உண்டு. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தன் வீட்டிலேயே இரண்டு நாள் தங்கவைத்தார், ஆறு மாதம் சிறைக்குப் போனார். ஏப்ரல் 28 அன்று ஊர்வலம் வேதாரண்யம் சேர்ந்தது. 30-ஆம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜிக்கும் அதே ஆறு மாதம்தான். அன்றைய சட்டத்துக்கு உப்பு அள்ளினவரும் ஒன்று, அவர்களுக்கு இலை போட்டவரும் ஒன்று.

அகஸ்தியன்பள்ளி நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு, உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரையில் டென்ட்டை விரித்தேன். பொழுது சாய்ந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. முளைக்குச்சி மணலில் நிற்கவே இல்லை. நாலு தடவை அடித்தேன், நாலு தடவையும் பிடுங்கிக்கொண்டது. தண்ணீரும் தீர்ந்துபோயிருந்தது. கொஞ்சம் தள்ளி இருந்த டீக்கடை அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் போல.

"தம்பி, எந்த ஊரு?"

"சேலங்க்கா."

"அங்க எதுக்கு ஒண்டியாக் கெடக்குறீங்க? நம்ம திண்ணையில வந்து படுங்க. கஞ்சி இருக்கு, குடிப்பீங்கல்ல?"

திட்டப்படி வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வயிறு கேட்கவில்லை. கஞ்சியும் கருவாடும் அவ்வளவு ருசியாக இருந்தன. காசு நீட்டினேன், முறைத்தார்.

திண்ணையில் படுத்தபோது கணக்குப் போட்டேன். 1930-இல் ஒரு தொண்டனுக்கு இதே கஞ்சியை ஊற்றியிருந்தால் இந்த அக்கா ஜெயிலுக்குப் போயிருக்கலாம். தெரிந்தேதான் அன்று அத்தனை பேர் பொட்டலம் கட்டினார்கள். யாரையும் அண்டாமல் கடலோரமாகப் போய்வருவதை நான் சுதந்திரம் என்று நினைத்திருந்தேன். அவர்களோ வழிப்போக்கனுக்குச் சோறு போடும் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று நின்றிருக்கிறார்கள்.

மறுநாள் வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் வழியாக வடக்கே போனேன். தரங்கம்பாடி வரை அந்த டென்ட்டை அவிழ்க்கவே இல்லை. போகிற வழியில் யாராவது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.