சென்ட்மெயில் முதல் எக்ஸ்சேஞ்ச் வரை: மின்னஞ்சல் சர்வரின் அதிகாரம்

குறைந்த உரிமை பெற்ற ஒருவர், மென்பொருளிலுள்ள குறையைப் பயன்படுத்தித் தமக்கு வழங்கப்படாத மேல்நிலை உரிமையை அடைவதைக் கணினிப் பாதுகாப்புத் துறையில் அதிகார உயர்வு என்பர். மின்னஞ்சல் மென்பொருள்களில் இக்குறை மீண்டும் மீண்டும் தலைகாட்டியதற்கு, வேலைக்குத் தேவையானதைவிட மிகுதியான அதிகாரம் அவற்றிடம் ஒப்படைக்கப்பட்டதே முதன்மைக் காரணம்.

1980களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சென்ட்மெயில், யூனிக்ஸ் கணினியில் தடையற்ற அதிகாரம் கொண்ட 'ரூட்' பயனராக இயங்கியது. அஞ்சல் வந்து சேரும் 25ஆம் எண் போர்ட்டைத் திறக்கவும், பயனர் ஒவ்வொருவரின் அஞ்சல் பெட்டியில் எழுதவும் அந்த அதிகாரம் வேண்டியிருந்தது என்பது உண்மைதான்; ஆனால் இவ்விரு சிறு வேலைகளை முன்னிட்டு, முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் முகவரிகளைப் பிரித்துப் பொருள்கொள்ளும் சிக்கலான பகுதிக்கும் அதே அதிகாரம் போய்ச் சேர்ந்தது. 1988 நவம்பர் 2 அன்று பரவத் தொடங்கிய, கணினிக்குக் கணினி தானே பரவும் நிரலான மோரிஸ் புழு, பிழை கண்டறிய விடப்பட்டிருந்த 'டீபக்' வசதியைப் பயன்படுத்தி, பெறுநரின் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் கட்டளையையே அனுப்பி, சென்ட்மெயில் இயங்கிய கணினிகளுக்குள் புகுந்தது. பத்தாண்டுகள் கழித்து, ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சே வெனிமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல் பணியைச் சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய அளவே உரிமை தந்தது.

கிளவுட் காலத்தில் இப்பாடம் மறக்கப்பட்டது என்றே சொல்லவேண்டும். அலுவலகத்திலுள்ள மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரையும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் என்னும் கிளவுட் சேவையையும் இணைத்து நடத்தும் கலப்பு முறையில், இரண்டும் ஒரே சேவை அடையாளத்தைப் பகிர்ந்துகொண்டன. அதனால் அலுவலக சர்வரில் நிர்வாகி உரிமையைக் கைப்பற்றியவர், அங்கிருந்த சான்றிதழைக் காட்டி டோக்கன் எனப்படும் அனுமதிச் சீட்டைப் பெற்று, கிளவுட்டிலும் தம் அதிகாரத்தை உயர்த்திக்கொள்ள வழியிருந்தது. எளிதில் கண்டறியத்தக்க தடயமும் அதில் எஞ்சாது. இரண்டையும் பிரிக்கும் மாற்றத்தை 2025 ஏப்ரலிலேயே வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், இதனை சிவிஇ-2025-53786 என்ற எண்ணுள்ள குறையாக ஆகஸ்ட் 6 அன்றுதான் அறிவித்தது. புதுப்பிப்பை நிறுவுவது மட்டும் போதாது. தனி அடையாளம் உருவாக்கி, பழைய பொது அடையாளத்தில் தங்கியிருக்கும் சான்றிதழ்களையும் நீக்கவேண்டும். மைக்ரோசாஃப்ட் அறிவித்த மறுநாளே அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சிஐஎஸ்ஏ அவசர ஆணை பிறப்பித்து, கூட்டரசின் சிவில் துறைகள் ஆகஸ்ட் 11 காலை 9 மணிக்குள் இக்குறையைச் சீர்செய்யவேண்டும் எனக் கெடு விதித்தது.