ஓ.டி.பி.சி. பிறந்த கதை

2008 வாக்கில் ஒரு வாடிக்கையாளர், எஸ்.க்யூ.எல். சர்வரிலிருந்து ஆரக்கிளுக்கு மாறப்போகிறோம், எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார். "ஓ.டி.பி.சி.தானே சார், டிரைவரை மாத்தினா முடிஞ்சுது. ஒரு வாரம்" என்றேன். அந்த ஒரு வாரம் நான்கு மாதம் ஆனது. அந்த எரிச்சலில்தான் இதன் பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பித்தேன்.

1986-இலேயே ஆன்சி நிறுவனம் எஸ்.க்யூ.எல். மொழியைத் தரப்படுத்திவிட்டது. சரி, பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. கேள்வியை எப்படி எழுதுவது என்பதற்கு விதி வந்தது. ஆனால் சி-யிலோ கோபாலிலோ எழுதிய நிரல் அந்தக் கேள்வியைத் தரவுத்தளத்திடம் கொண்டுபோவது எப்படி? அன்றைய வழி, நிரலுக்கு நடுவே எஸ்.க்யூ.எல். வரிகளைச் செருகிவிடுவது. ஆரக்கிளின் ப்ரோ-சி போன்ற ஒரு முன்தொகுப்பி அவற்றைத் தன் நிறுவனத்தின் நூலக அழைப்புகளாக மாற்றும், பிறகு கம்பைல் செய்ய வேண்டும். வேறு தரவுத்தளமா? அவர்களுடைய முன்தொகுப்பியில் மறுபடி முதலிலிருந்து.

சொந்த அலுவலகத்துக்கு எழுதுபவர்களுக்கு இது பரவாயில்லை. எக்செல் மாதிரி பெட்டியில் போட்டு விற்கும் மென்பொருளை யோசித்துப் பாருங்கள். வாங்குகிறவர் எந்தத் தரவுத்தளம் வைத்திருக்கிறார் என்பது கம்பைல் செய்யும்போது யாருக்குத் தெரியும்?

1989-இல் தரவுத்தள நிறுவனங்கள் சில சேர்ந்து எஸ்.க்யூ.எல். அக்சஸ் குரூப் என்ற அமைப்பைத் தொடங்கின. அங்கே உருவான அழைப்பு இடைமுக வரைவை அடிப்படையாக வைத்து மைக்ரோசாஃப்ட் 1992-இல் ஓ.டி.பி.சி.யை வெளியிட்டது. இதில் எஸ்.க்யூ.எல். வெறும் எழுத்துச் சரமாகவே போகும். டிரைவர் மேனேஜர் என்ற இடையாள், நிரல் ஓடும்போது தேவையான டிரைவரை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். விண்டோஸின் டி.எல்.எல். வசதி இருந்ததால்தான் இது இவ்வளவு எளிதானது. என்னைக் கேட்டால், ஓ.டி.பி.சி.யின் உண்மையான சாதனை இந்த ஒன்றுதான்: எந்தத் தரவுத்தளம் என்ற முடிவைக் கம்பைல் நேரத்திலிருந்து ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போட்டது.

1995-இல் இந்த அழைப்பு முறை ஐ.எஸ்.ஓ. தரத்திலும் ஏறியது. 1997-இல் ஜாவா 1.1-உடன் வந்த ஜே.டி.பி.சி.யும் இதே வம்சம்தான். நடுவில் மைக்ரோசாஃப்டே ஓ.எல்.இ. டி.பி.யைக் கொண்டுவந்து இதைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தது. 2011-இல் மறுபடி ஓ.டி.பி.சி. பக்கமே சாய்ந்தது. (2017-இல் ஓ.எல்.இ. டி.பி.க்கும் மறுவாழ்வு கொடுத்தார்கள், அது தனிக்கதை.)

என் விஷயத்துக்கு வருகிறேன். டிரைவர் முதல் நாளே மாறிவிட்டது. அந்த மட்டில் நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் இடையாள் கேள்வியைக் கொண்டுபோவாரே தவிர, வட்டார வழக்கைத் திருத்த மாட்டார். முதல் பத்து வரிசை கேட்க எஸ்.க்யூ.எல். சர்வரில் டாப், அன்றைய ஆரக்கிளில் ரோநம். இதற்காகவே அடைப்புக்குறிக்குள் எழுதும் பொது வடிவங்களையும் ஓ.டி.பி.சி. ஓரளவு வைத்திருக்கிறது, தேதிக்கு, சார்புகளுக்கு என்று. எங்கள் குழுவில் ஒருத்தரும் அதை எட்டிப் பார்த்ததில்லை, நான் உட்பட.

பிழை காட்டிய வரிகளையாவது திருத்திவிடலாம். ஆரக்கிளுக்கு வெற்றுச் சரமும், மதிப்பே இல்லாத 'நல்'லும் ஒன்றுதான். முகவரியில் இரண்டாம் வரி காலியாக இருப்பவர்களைத் தேடும் எங்கள் வினவல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடியது, வெற்றி என்றே ஓ.டி.பி.சி. பதில் சொன்னது. வந்த வரிசைகள் பூஜ்ஜியம். அதைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல, அவர்களுடைய கணக்குப் பிரிவு.