ஒரு நீதிபதி மட்டும் மறுத்தார்

சட்டத்தின் ஆட்சி என்றால் நாட்டில் நிறைய சட்டங்கள் இருப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், ஆள்பவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே அதன் பொருள். அது இல்லாமல் போனால் என்ன ஆகும்? நம் நாட்டு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் 'மிசா' சட்டத்தில் விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டனர். தமிழ்நாட்டிலும் 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபின் அக்கட்சியினர் பலர் கைதாயினர்.

சிறையில் இருந்தவர்களுக்காக ஆட்கொணர்வு மனுக்கள் போடப்பட்டன. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21-வது பிரிவின் கீழ் நீதிமன்றம் செல்லும் உரிமையைக் குடியரசுத் தலைவரின் உத்தரவு நிறுத்திவிட்டது, எனவே மனுவே செல்லாது என்றது அரசு. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அதுதான் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு.

விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒரு கேள்வி கேட்டார். சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றால்கூட நிவாரணம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே!

1976 ஏப்ரல் 28-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம். கன்னா மட்டும் மறுத்தார். உயிர் வாழும் உரிமை 21-வது பிரிவு கொடுத்த பரிசு அல்ல, அரசியல் சாசனம் வருவதற்கு முன்பும் சட்டத்தின் அனுமதி இல்லாமல் யார் உயிரையும் அரசு பறிக்க முடியாது என்பது அவர் வாதம்.

அதற்கு அவர் விலை கொடுத்தார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரான எம்.எச். பெக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார்.

ஆனால் வரலாறு அவர் பக்கம் திரும்பியது. 1978-ல் வந்த 44-வது திருத்தத்தின்படி, நெருக்கடி நிலையிலும் 21-வது பிரிவை நிறுத்த முடியாது. 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பே தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-ல் அரசின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவர் அவருடைய தந்தை ஒய்.வி. சந்திரசூட்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1975-ல் எல்லாமே 'சட்டப்படி'தான் நடந்தது. அறிவிப்பு இருந்தது, உத்தரவு இருந்தது, கையெழுத்தும் இருந்தது. அந்த உத்தரவைக் கேள்வி கேட்க ஓர் இடம்தான் இல்லை. அந்த இடம் இருப்பதற்குப் பெயர்தான் சட்டத்தின் ஆட்சி.