டிகிரி காபியும் நெஞ்சுப் படபடப்பும்: ஒரு நூறு வருஷக் கதை

சுவாமிமலைக்கு வர்ற வெளியூர்க்காரங்க வழக்கமா ரெண்டு கேள்வி கேட்பாங்க. கோயிலுக்கு எத்தனை படி? நல்ல டிகிரி காபி எங்கே கிடைக்கும்? படி 60, தமிழ் வருஷத்துக்கு ஒண்ணு. காபிக்கு ஆளுக்கு ஒரு கடை சொல்லுவாங்க.

அரசு மருத்துவமனை ஓபி-யில் உட்கார்ந்திருக்கிறதால எனக்கு மூணாவதா ஒரு கேள்வி அடிக்கடி வரும். "நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை நடுங்குது, ராத்திரி தூக்கமே இல்ல. ஈசிஜி நார்மல்ங்கிறாங்க, எக்கோவும் எடுத்தாச்சு. அப்ப எனக்கு என்னதான் டாக்டர்?"

ரெண்டாவது கேள்விக்கும் மூணாவது கேள்விக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கு. அதைப் பத்தின த்ரெட் இது. கொஞ்சம் நீளம். கையில காபி இருந்தா இருக்கட்டும், கீழே வைக்கச் சொல்லப் போறதில்லை.

காபி இந்த மண்ணுக்குப் பழசு இல்லை மக்களே. காவிரிக் கரையில் காலையில் குடிச்சது நீராகாரம்தான். முதல் நாள் சோத்துல ஊத்தின தண்ணி, உப்பு, இருந்தா ஒரு கரண்டி மோர். பாபா புதன் 7 காபிக் கொட்டைகளை மறைச்சு எடுத்துட்டு வந்து சிக்மகளூர் மலையில் விதைச்சார்னு சொல்ற கதை 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெரிய தோட்டங்கள் வந்தது வெள்ளைக்காரன் காலத்தில். இலங்கை மலைக்குக் கூலிக்குப் போன நம்ம மக்கள் முதலில் பறிச்சதும் காபிதான். 1869-ல் இலைத்துரு நோய் வந்து செடியெல்லாம் அழிஞ்ச பிறகுதான் அங்கே தேயிலை.

அந்தக் காபி வீட்டு அடுப்படிக்குள்ள வந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். ஆ. இரா. வேங்கடாசலபதி இதை 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'ன்னு ஒரு நூலாவே எழுதியிருக்கார். படிக்காதவங்க தேடிப் படிங்க. நீராகாரம் போய்க் காபி வந்தது அன்னைக்கு ஒரு பெரிய கலாசாரச் சண்டை. வீட்டுச் செலவு ஏறுது, பெண்கள் அடிமையாயிட்டாங்க, பழைய ஒழுங்கு கெட்டுப்போச்சுன்னு ஒரே புலம்பல். காந்தியும் தேநீர், காபி எதுவும் தேவையில்லைன்னுதான் எழுதினார். இன்னொரு பக்கம் காபி கிளப்புல யார் எங்கே உட்காரலாம்னு சாதி பிரிச்சது. 'பிராமணாள்' பலகையை எதிர்த்துப் பெரியார் 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னாடி நடத்திய போராட்டம் வரைக்கும் அது நீண்டுச்சு.

இவ்வளவு சண்டையில காபி உடம்புக்குக் கெடுதல்னும் சொன்னாங்கதான். ஆனா அது பெரும்பாலும் குணத்தைப் பத்தின குற்றச்சாட்டு. எந்த உடம்புக்கு, எவ்வளவுக்கு மேல, எப்படிங்கிற பேச்சு அதுல குறைவு. கடைசியில காபி ஜெயிச்சது. எதிர்த்தவங்க பேரப்பிள்ளைங்க 'கும்பகோணம் டிகிரி காபி'ன்னு நெடுஞ்சாலை முழுக்கப் பலகை வெச்சாங்க. ('டிகிரி' எப்படி வந்துச்சுன்னு மூணு கதை உண்டு. பால் அளக்கிற லேக்டோமீட்டரால வந்தது, முதல் டிகாக்‌ஷனால வந்தது, சிக்கரிங்கிற சொல் திரிஞ்சு வந்தது. கும்பகோணத்துல இதைக் கேட்டா சாயங்காலம் வரை பேசுவாங்க.)

மருத்துவம் இந்தக் கேள்விக்கு வர ரொம்ப நாள் ஆச்சு. காபி எதுக்குன்னு ஆரம்பத்துலேயே தெரியும். 15-ஆம் நூற்றாண்டு ஏமன் நாட்டு சூஃபிகள் ராத்திரி வழிபாட்டில் தூங்காம இருக்கத்தான் குடிச்சாங்க. அதுக்குள்ள இருக்கிற காஃபினைப் பிரிச்செடுத்தது 1819-ல், ஜெர்மன் வேதியியலாளர் ரூங்கே. அவருக்குக் கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொன்னது கவிஞர் கோதே.

காஃபின் என்ன பண்ணுது? நாள் முழுக்க மூளையில் அடினோசின்னு ஒரு பொருள் சேரும். அது தன்னோட இடத்தில் போய் உட்கார்ந்தா "போதும், ஓய்வெடு"ன்னு அர்த்தம். காஃபின் அந்த இடத்துல முன்னாடியே துண்டு போட்டுடும், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியா சீட் பிடிக்கிற மாதிரி. அடினோசின் நின்னுக்கிட்டே வரும். களைப்பு தெரியாது. கூடவே அட்ரினலின் ஏறும். இதயம் வேகமா அடிக்கும், கை லேசா நடுங்கும், வயிறு கலங்கும்.

இப்ப அந்தப் பட்டியலைத் திரும்பப் படிங்க. படபடப்பு, நடுக்கம், வயிற்றுக் கலக்கம், தூக்கமின்மை. பதற்ற நோயோட பட்டியலும் இதேதான். பதற்றம் இல்லாதவர் நெஞ்சு வேகமா அடிச்சா "காபி ஸ்ட்ராங்"னு நினைச்சுட்டுப் போயிடுவார். ஏற்கெனவே பதற்ற நோய் இருக்கிறவர் "ஐயோ, ஹார்ட் அட்டாக்"னு நினைப்பார். அந்த நினைப்பே அடுத்த அட்ரினலினை இறக்கும்.

இதை மருத்துவ உலகம் கவனிக்க வெச்சதில் முக்கியமான கட்டுரை 1974-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கிரீடன் எழுதினது. அதுல ஒரு நர்ஸ், வயசு 27. தலைசுத்தல், நடுக்கம், மூச்சுத் திணறல், இதயத்துடிப்பு தாறுமாறு. அவர் கணவர் ராணுவ டாக்டர், வியட்நாம் போக வேண்டியிருக்கலாம்னு ஒரு பயம். அதனால வந்த பதற்றம்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்தப் பெண் ஒத்துக்கலை. தானே யோசிச்சுக் கண்டுபிடிச்சார்: சமீபத்துலதான் சொட்டுச் சொட்டா டிகாக்‌ஷன் இறங்குற ஒரு காபிப் பாத்திரம் வாங்கியிருந்தார், நம்ம ஃபில்டருக்குச் சொந்தக்காரன். ருசி பிடிச்சுப்போய் ஒரு நாளைக்கு 10, 12 கோப்பை கறுப்புக் காபி. நிறுத்தினார். 36 மணி நேரத்துல கிட்டத்தட்ட எல்லாமே போச்சு.

எனக்கு இந்தக் கதையில் பிடிச்சது காபி இல்லை. ஒரு பெண் "இது என் மனசு இல்லை, வேற ஏதோ"ன்னு சொன்னதும், அது சரியா இருந்ததும்தான்.

1985-ல் யேல் பல்கலைக்கழகத்துல சார்னி குழு இதைச் சோதிச்சாங்க. உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. காஃபின். பேனிக் நோயாளிகள் 21 பேர்ல 71% பேர், இது எங்களுக்கு வர்ற பேனிக் மாதிரியே இருக்குன்னாங்க. 2022-ல் 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, பேனிக் நோய் உள்ள 237 பேர்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காஃபினுக்குப் பிறகு பேனிக் வந்திருக்கு. காஃபின் இல்லாத போலி மருந்து எடுத்தப்போ ஒருத்தருக்கும் வரலை.

இதெல்லாம் பெரிய டோஸ், ஒரே நேரத்துல நாலஞ்சு கப் காபிக்குச் சமம். காலையில ஒரு டம்ளர் குடிச்சா பேனிக் வரும்னு அந்த ஆய்வுகள் சொல்லலை. வாட்ஸ்அப்புல அப்படி வந்தா நம்பாதீங்க.

ஆனா நம்ம வீட்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க. ஐசிஎம்ஆர் சொல்ற நாள் அளவு 300 மி.கி. 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மி.கி. காஃபின், டீயில் 30 முதல் 65. எல்லாருக்கும் போட்டுக் கொடுத்துட்டு மிச்ச டிகாக்‌ஷனைத் தானே குடிக்கிற அம்மாக்களைக் கேட்டா "ரெண்டு வேளைதான் டாக்டர்"ம்பாங்க. ரெண்டு வேளைதான். வேளைக்கு ரெண்டு டம்ளர். நடுவுல பக்கத்து வீட்டுல ஒண்ணு. காலைச் சாப்பாடு 11 மணிக்கு. பொடியில் ரோபஸ்டா கலந்திருந்தா அரபிகாவை விடக் கிட்டத்தட்ட இருமடங்கு காஃபின். சிக்கரியில் காஃபினே கிடையாது, அதனால சிக்கரி கலந்த பொடியைக் கேவலமா நினைக்க வேண்டியதில்லை.

குடிச்சதில் பாதி உடம்பை விட்டுப் போக சராசரியா 5 மணி நேரம். கர்ப்பிணிகளுக்கு இன்னும் ரொம்ப நேரம். கருத்தடை மாத்திரை எடுக்கிறவங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பீடி, சிகரெட் புகை காஃபினைச் சீக்கிரம் வெளியேத்தும். அதனால புகையை விட்டவங்களுக்கு அதே பழைய காபி திடீர்னு அதிகமா ஏறும். "சிகரெட்டை விட்டதுலேருந்து படபடப்பு"ன்னு திரும்பப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி காபியைப் பாதியாக்கிப் பாருங்க. வீசிங்குக்குக் கொடுக்கிற தியோஃபிலின் மாத்திரை காஃபினோட பங்காளி, ரெண்டும் சேர்ந்தா நடுக்கம் கூடும். பதற்றத்துக்கே கொடுக்கிற ஃப்ளூவாக்சமின், காஃபின் வெளியேறுறதைப் பலமடங்கு தாமதமாக்கும். தலைவலி மாத்திரை சிலதுலயும் காஃபின் இருக்கு, அட்டையைப் படிங்க.

பழியைக் காபி மேல போடுறதுக்கு முன்னாடி ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடணும். ரெண்டுமே படபடப்பு கொடுக்கும், ரெண்டும் பெண்களுக்கு அதிகம். சாப்பாட்டோட காபி, டீ குடிச்சா இரும்புச்சத்து சேராது. முன்னும் பின்னும் 1 மணி நேரம் இடைவெளி விடுங்க.

குறைக்கணும்னா ஒரேயடியா நிறுத்தாதீங்க. 12 முதல் 24 மணி நேரத்துல தலைவலி, சோர்வு, எரிச்சல் ஆரம்பிக்கும், ஒரு வாரம் வரை இழுக்கும். காபியையும் விட்டு சஷ்டி விரதம் இருக்கிறவங்களுக்கு வர்ற தலைவலியில் இதுக்கும் பங்கு உண்டு. மூணு நாளைக்கு ஒரு அரை டம்ளரா குறைங்க. முதலில் சாயங்காலக் காபி, கடைசியா காலைக் காபி. பகல் 2 மணிக்கு மேல வேண்டாம். எத்தனை டம்ளர், எப்போ படபடப்புன்னு ரெண்டு வாரம் காலண்டர் தாள்லயே குறிச்சு வெச்சு, அதை ஓபி-க்குக் கொண்டு வாங்க.

பதற்றத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவங்க காபியைக் குறைச்சதும் நல்லா இருக்குன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. குறைச்சும் மூணு வாரத்துல மாற்றம் இல்லைன்னா மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்க. போக முடியாதவங்களுக்கு டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.